மண்டபம் இருக்கு, பிள்ளைங்க இருக்காங்க

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பதினொரு மணிக்குக் கோயில் வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னப் பிள்ளைகளை அம்மா அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் மட்டும் போகமாட்டார்கள். செருப்பு கழற்றிப் போடும் இடத்துப் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான்கு பேர், மூன்று கைப்பேசி.

"வீட்டுக்குப் போகலையாடா?"

"வீட்டுல என்னாண்ணே இருக்கு? அம்மா ஷிப்ட் முடிஞ்சி தூங்குவாங்க."

"அப்போ இங்க என்னா பண்றீங்க?"

"சும்மா லெப்பாக்தாண்ணே."

இந்த 'சும்மா' என்ற சொல்தான் இந்த மாதப் பாடம். அந்தப் பிள்ளைகளைத் திட்ட இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளத்தான். படிக்கப்போகும் நீங்களும் பலர் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள்தானே.

முதலில் நம் ஊர். இன்றைக்குப் பத்து காவான் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஐக்கியா, டிசைன் வில்லேஜ், தொழிற்பேட்டை, இரண்டாம் பாலம். தாத்தா பாட்டியைக் கேட்டால் தோட்டம் என்பார்கள். செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் ரப்பர், அதற்கப்புறம் செம்பனை. 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காக அரங்கம் எழும்பியது. 2014 மார்ச் 1ஆம் தேதி பாலம் திறந்தார்கள். மொத்த நீளம் 24 கிலோமீட்டர், அதில் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் கடல்மேல். 2019இல் ஐக்கியா வந்தது. தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவரின் பேரப்பிள்ளை இன்று பண்டார் காசியாவில் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருக்கிறான். இரண்டே தலைமுறையில் இவ்வளவு மாற்றம்.

தோட்டத்தில் பணம் இல்லை, வசதி இல்லை, உண்மைதான். ஆனால் திடல் இருந்தது. திருவிழா வந்தால் மேடை போட்டு நாடகம். அதில் நடிக்கிறவர் பகலில் பால் மரம் வெட்டுகிறவர். 1946இல் மலாயா பிலிம் யூனிட் தொடங்கியபின் அரசாங்கத் தகவல் இலாகாவின் வண்டிகள் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் போய், வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டின. டிக்கெட் கிடையாது. பாய் கொண்டு போனால் போதும். சினிமா பார்ப்பதும் நாடகம் போடுவதும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே காசில்லாமல் நடந்தன. அடுக்குமாடிக்கு வந்தபோது தண்ணீரும் கரண்டும் கூடவே வந்தன. திடல் வரவில்லை.

"அதான் தீவுப்பக்கம் எல்லாம் இருக்கேண்ணே" என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஜார்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழா நடக்கிறது. ஆர்மீனியன் சாலைச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகளின் ஓவியம் 2012இல் அந்த விழாவுக்காக வரைந்ததுதான். ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனை ஒன்று 2014 முதல் ஹின் பஸ் டிப்போ என்ற கலைக்கூடமாக இயங்குகிறது. எல்லாம் சரி, ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை பத்து காவானிலிருந்து அங்கே எப்படிப் போவான்? 2019 தொடக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் இல்லை. அவனுக்கு மோட்டார் லைசன்ஸ் எடுக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே! அப்பா வேலை நாளில் கொண்டுபோய் விடமாட்டார், ஞாயிறு அவருக்கும் ஓய்வு வேண்டும். வகுப்பு இலவசம் என்று சுவரொட்டியில் போட்டிருக்கும். போய் வரும் செலவை எந்தச் சுவரொட்டியும் போடுவதில்லை.

ஆகவே தீவிலிருந்து நாம் எடுத்து வரவேண்டியது கட்டடமோ விழாவோ அல்ல, அவர்கள் வேலை செய்யும் முறை. அதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது.

ஆர்ட்ஸ்-எட் என்று ஓர் அமைப்பு. லாப நோக்கம் இல்லாதது. 1999இலிருந்து பினாங்கில் பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் கலைவழிக் கல்வி கொடுத்து வருகிறது. இதை உருவாக்கியவர் ஜானட் பிள்ளை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர், அதற்கு முன்பே பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டவர். அவர்கள் நடத்திய 'அனாக்-அனாக் கோத்தா' திட்டத்தைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 'நகரத்துப் பிள்ளைகள்' என்று பொருள். ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். நடனம் சொல்லிக்கொடுக்கிறோம், பாட்டு சொல்லிக்கொடுக்கிறோம் என்று ஆரம்பிக்கவில்லை. "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று தெருவுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளைகள் கடைக்காரரிடம் பேசினார்கள், கைத்தொழில் செய்யும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். என்ன சத்தம் கேட்கிறது, என்ன வாசனை வருகிறது, யார் எங்கிருந்து வந்தார் என்று எழுதினார்கள், வரைந்தார்கள், படம் எடுத்தார்கள். அப்படிச் சேர்த்து வந்ததிலிருந்துதான் நாடகமும் இசையும் பிறந்தன. சந்தையில் கேட்ட சத்தத்தையும் பேச்சையும் வைத்தே ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். 'ஓப்பரா பாசார்' என்று அதற்குப் பெயர். பாலிக் புலாவ் பகுதியில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களைக் கண்டு பேசி, படம் எடுத்து, தங்கள் ஊருக்கே ஒரு செய்தி மடல் தயாரித்தார்கள். இந்த அனுபவத்தை வைத்து ஜானட் பிள்ளை எழுதிய கையேடு ஒன்றும், ஓர் ஊரின் பண்பாட்டை எப்படிக் குறித்து வைப்பது என்ற நூல் ஒன்றும் வந்திருக்கின்றன. இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இயக்கத்தில் யாராவது வாங்கிப் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'திறமை உள்ள பிள்ளை' என்று யாரையும் பொறுக்கி எடுப்பதில்லை. நம் இயக்கங்களில் நாம் செய்வது நேர் எதிர். திருமுறை ஓதும் போட்டி, பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, மாறுவேடப் போட்டி. வருடா வருடம் அதே ஐந்து பிள்ளைகள் மேடை ஏறுவார்கள், அதே ஐந்து பேர் கிண்ணம் வாங்குவார்கள், மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் படிக்கட்டுக்குப் போவார்கள். போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி மட்டுமே இருந்தால் பேசாத பிள்ளை பேசாத பிள்ளையாகவே வளர்ந்துவிடும்.

'இலவசம்' என்பதையும் கொஞ்சம் யோசிப்போம். இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருள் இல்லை, வேறு யாரோ அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள். நம் மரபில் அதை ஏற்றது யார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ராஜராஜ சோழன் ஆடல் மகளிர் 400 பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்து, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருமானம் வரும் பங்கும் கொடுத்தான். ஒவ்வொருவர் பெயரும் எந்தத் தெருவில் வீடு என்பதும்கூடக் கல்லில் இருக்கின்றன. இசைக்காரர், நட்டுவனார், தையற்காரர், கணக்கு எழுதுகிறவர் எல்லாருக்கும் பங்கு. பார்க்க வந்தவன் காசு கொடுக்கவில்லை, கோயில் படி அளந்தது. (அந்தப் பெண்களின் நிலை என்ன, அவர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பது தனியாகப் பேசவேண்டிய விஷயம். அதை மறைக்கவேண்டாம்.) கலைக்குச் செலவு செய்வது கோயிலின் வேலைதான் என்பதற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று இருக்கிறது. ஆகவே நிர்வாகக் குழுவில் யாராவது "கோயில்ல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டால் நீங்கள் பணிவாகச் சொல்லலாம்: "ஐயா, முன்னாடி கோயில்லதான்யா இதெல்லாம் நடந்துச்சு."

சினிமா என்று வரும்போது பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கும். சினிமா பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயம் அது. அந்தப் பயம் முழுக்கத் தப்பில்லை. ஆனால் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படம் பார்க்கிறார்கள் என்று வீட்டிலேயே தெரியுமே. பார்க்கத்தான் போகிறார்கள். அப்படியிருக்க, எப்படிப் பார்ப்பது, எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை என்பதுதான் குறை.

சினிமா நமக்கு அந்நியமும் அல்ல. பி. ரம்லி பினாங்கில் பிறந்தவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 1950ஆம் ஆண்டு 'பக்தி' படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். இதைத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிறகு 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை'. ரப்பர் தோட்டத்துப் பெண் மேலே படிக்க ஆசைப்படும் கதை. தன் அம்மாவின் வாழ்க்கையிலிருந்துதான் அந்தக் கதையை அவர் எடுத்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது.

'ஜகாட்' பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் அது நம் படிக்கட்டுப் பிள்ளைகளின் கதை. 1990களில் தோட்டம் கைவிட்டுப் போனதும் மக்கள் புறம்போக்குக் குடியிருப்புக்கு வருகிறார்கள். அங்கே அப்போய் என்று பன்னிரண்டு வயதுப் பையன். குறும்பு, கற்பனை இரண்டும் நிறைய. அவன் அப்பா கெட்டவர் இல்லை. பிள்ளை படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று உயிரைக் கொடுக்கிறவர். ஆனால் அவருக்குத் தெரிந்த வழி அடிதான். பள்ளியிலும் அவனுடைய கற்பனைக்கு இடமில்லை. சித்தப்பா ஒருவர் கும்பலில் இருக்கிறார், அங்கே இடம் இருக்கிறது. தலைப்பே மலாய்ச் சொல் 'ஜாஹாட்' நம் வாயில் மாறிய வடிவம். கெட்டவன் என்று பொருள். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது பெற்றது. முதலில் அதை மலாய்மொழி அல்லாத படங்களுக்கான பிரிவில் வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து மலாய்க் கலைஞர்களே குரல் கொடுத்தார்கள், ஏற்பாடு மாறியது. அந்தச் செய்தியையும் நாம் மறக்கக்கூடாது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் பல நாள் ஒரே கேள்வியில் சிக்கியிருந்தேன். அப்போய்க்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், அவன் கற்பனையைக் கேட்டுச் சிரித்து, "அப்புறம் என்னாடா ஆச்சு?" என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ இருந்திருந்தால்? கதை மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். வறுமையையும் குடிப்பழக்கத்தையும் கும்பலையும் ஒரு ஓவிய வகுப்பு விரட்டிவிடாது. அப்படிச் சொல்லி நன்கொடை கேட்பவர்களை நம்பவேண்டாம். ஆனால் கும்பலில் ஒருவன் முதலில் பெறுவது காசு அல்ல. 'நீ எங்க ஆளுடா' என்று ஒருவர் சொல்வதைத்தான் முதலில் பெறுகிறான். அந்த வார்த்தையை நாம் முன்னாடி சொல்லமுடியும்.

தமிழ்நாட்டில் எம். பழனிக்குமார் என்று ஒரு புகைப்படக் கலைஞர் இருக்கிறார். அம்மா மீன் விற்றவர். பொறியியல் படிக்கும்போது கடன் வாங்கி முதல் கேமராவை வாங்கினார். துப்புரவுப் பணியாளர்களின் நிலை பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் கேமரா பிடித்தவர் அவர்தான். இப்போது துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார், அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியில் வைக்கிறார். வெளியிலிருந்து வருகிறவர் அந்தத் தெருவைப் படம் எடுத்தால் குப்பை தெரியும். அதே தெருவில் வளர்ந்த பிள்ளை எடுத்தால் அங்கே அம்மா தெரிவார், தங்கச்சி தெரிவாள், வீட்டு வாசலில் காயும் பள்ளிச் சட்டை தெரியும். பத்து காவானையும் அப்படி யாராவது எடுக்கவேண்டாமா?

சரி, எப்படித் தொடங்குவது? இனிமேல்தான் பாடமே. புத்தகத்தை மூடிவிட்டுச் செய்து பார்க்கவேண்டிய பகுதி இது.

கோயில் மண்டபம், ஞாயிறு பதினொன்று முதல் ஒன்று வரை, எட்டு வாரம். பிள்ளைகள் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் போதும். ஐம்பது பேர் வந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், பாடம் நடக்காது. பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண். இருபது, இருபத்திரண்டு வயது உறுப்பினர்கள் உதவிக்கு. கருவி என்று எதுவும் வாங்கவேண்டாம். நான்கு பேருக்கு ஒரு கைப்பேசி இருந்தால் சரி. இல்லாதவன் வெட்கப்படாமல் இருக்க, எல்லாரும் குழுவாகத்தான் எடுக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் கைப்பேசியைத் தொடக்கூடாது. ஐந்து நிமிடம் மண்டபத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். மின்விசிறி, மடைப்பள்ளியில் பாத்திரம், தூரத்தில் லோரி, யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது. எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுத வராதா? மலாயில் எழுதட்டும், ஆங்கிலத்தில் எழுதட்டும், வரையட்டும். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழ் எழுத்தை விட்டுவிட்ட பிள்ளைகள் நம்மிடம் நிறைய. அவர்களை "தமிழ் தெரியாதவன்" என்று ஒதுக்கினால் இன்னொரு தடவை வரமாட்டார்கள். எழுதத் தடுமாறும் பிள்ளை பேசத் தடுமாறமாட்டான். பாட்டியிடம் பேசுவது தமிழில்தானே! சினிமா அந்த வாய்த்தமிழை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் வாரம் பார்ப்பது. ஒரு நல்ல குறும்படத்தையோ ஒரு படத்தின் பத்து நிமிடத்தையோ போட்டுவிட்டு "பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "ஓகேலா" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "முதல்ல என்ன தெரிஞ்சிச்சு? கேமரா எங்க நின்னுச்சு? அவர் அழுவுறப்ப முகத்தைக் காட்டுனாங்களா, கையைக் காட்டுனாங்களா?" என்று கேளுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு அதையே மறுபடி போடுங்கள். பாட்டும் இசையும் தங்களை எப்படி இழுத்தன என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். 'ஜகாட்' காட்ட நினைத்தால் பெரியவர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள், அதில் வன்முறை உண்டு. மண்டபத்தில் பலர் முன் ஒரு படத்தைப் போடுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தையே பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாகக் கொடுக்கலாம்.

மூன்றாம் வாரம் முதல் எடுப்பது. ஒரு பணி, ஒரு மனிதர், மூன்று நிமிடம். கோயிலில் பூ கட்டும் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் போன உடனே செய்வது, நின்ற இடத்திலிருந்து கைப்பேசியை அங்குமிங்கும் ஆட்டி ஒரே நீளமாக எடுப்பது. அதை நிறுத்தவேண்டும். ஐந்து துண்டாக எடுக்கச் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் இடம் முழுவதும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. இடுப்புக்கு மேல் தெரியும்படி ஒன்று. விரலும் நாரும் மட்டும் நெருக்கத்தில் ஒன்று. முகம் மட்டும் ஒன்று. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் பார்ப்பதை நாமும் பார்ப்பது போல் ஒன்று. ஒவ்வொரு துண்டும் பத்து விநாடி அசையாமல். மனசுக்குள் ஒன்றிலிருந்து பத்து எண்ணவேண்டும். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும்! கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடிக்கவேண்டும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்தால் அந்த ஜன்னல் எடுப்பவன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், எடுக்கப்படுகிறவர் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், இன்னொரு கைப்பேசியை அவர் நெஞ்சுக்கருகில் வைத்துக் குரலை மட்டும் தனியாகப் பிடியுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பூ கட்டும் அம்மாவை மட்டும் ஏன்? இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் அம்மா, ஐம்பது வயதில் காவலர் வேலை பார்க்கும் அங்கிள், உறுமி மேளம் அடிக்கும் அண்ணன்மார், பாசார் மாலாமில் அப்பம் சுடும் ஆண்ட்டி, தோட்டத்துப் பள்ளியில் படித்த தாத்தா. கேட்பதற்கு மூன்று நல்ல கேள்வி தயார் செய்யச் சொல்லுங்கள். "உங்க வேலை எப்படி இருக்கு?" என்றால் "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். "முதல் நாள் வேலைக்குப் போனப்ப யாரு கூட்டிட்டுப் போனா?" என்று கேட்டால் கதை வரும். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தன் அம்மாவையே முதல்தடவை பார்ப்பதுபோல் ஒரு பிள்ளை பார்த்தால், வகுப்பின் பாதி வேலை முடிந்துவிட்டது.

அடுத்து வெட்டி ஒட்டுவது. கைப்பேசியிலேயே இலவசச் செயலிகள் இருக்கின்றன, அதில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நாம் போடவேண்டியது கட்டுப்பாடு: மொத்தம் பன்னிரண்டு துண்டுக்கு மேல் கூடாது, பளபளக்கும் மாயாஜாலம் கூடாது, சினிமாப் பாட்டு கூடாது. சினிமாப் பாட்டுக்கு உரிமைச் சிக்கல் உண்டு. அதைவிட, ராஜா சாரின் இசையைப் போட்டால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அழுகை வந்துவிடும், பிள்ளை என்ன எடுத்தான் என்று தெரியாமல் போய்விடும். உறுமிக்காரத் தம்பிகளைக் கூப்பிட்டு மண்டபத்திலேயே அடிக்கவிட்டுப் பதிவு செய்யுங்கள். வகுப்புக்கு வராத அந்தப் பையன்கள் அப்படியாவது உள்ளே வருவார்கள்.

கடைசி வாரம் திரையிடுவது. வெள்ளை வேட்டி கட்டினாலே திரை. ஆனால் ஊருக்குக் காட்டும் முன், யாரைப் பற்றி எடுத்தோமோ அவருக்கு முதலில் தனியாகக் காட்டவேண்டும். "இதை எடுத்துருங்க தம்பி" என்று அவர் சொன்னால் எடுத்துவிடவேண்டும், பேச்சில்லை. பிள்ளைகளின் முகம் வரும் எதையும் பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் டிக்டாக்கில் போடக்கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக்கூடாது, தனியாக வாட்ஸ்அப்பில் பேசக்கூடாது. குழுவில்தான் பேச்சு. 'நம்ம ஆளுதானே' என்று இதை விட்டுவிடாதீர்கள். நம்ம ஆளாக இருந்தாலும் விதி விதிதான்.

பெற்றோர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதுக்கு மார்க் இருக்கா?" நேர்மையாகச் சொல்லுங்கள், இல்லை. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். போனது, 2022இல் பி.டி.3 போனது, எஸ்.பி.எம்.தான் மலைபோல் நிற்கிறது, அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் ஒருவரிடம் போய் வணக்கம் சொல்லி, கேள்வி கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, அதை மூன்று நிமிடத்தில் மற்றவருக்குப் புரியும்படி சொல்ல ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், நாளைக்கு நேர்முகத் தேர்வில் தலைகுனிந்து உட்காரமாட்டான். டியூசனை நிறுத்தச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான் கேட்கிறோம். "உங்க பிள்ளை இயக்குநர் ஆவான்" என்று மட்டும் சொல்லவேண்டாம். பதினைந்து பேரில் ஒருவரும் சினிமாவுக்குப் போகாமல் இருக்கலாம், அதில் தப்பொன்றும் இல்லை.

செலவு? மண்டபத்துக்குக் கரண்ட், ஒரு ஒலிபெருக்கி, வெள்ளைத் தாள், வண்ணப் பென்சில். சாப்பாடு முக்கியம், பசித்த பிள்ளை எதையும் கவனிக்காது. அன்னதானம் இருக்கும் கோயிலில் அதே அடுப்பில் பதினைந்து இலை கூடப் போட்டால் போதும். பெரிய செலவு பணமில்லை, எட்டு ஞாயிறு. ஒரு வாரம் நடத்தி அடுத்த வாரம் "அண்ணனுக்கு வேலை இருக்கு" என்று மண்டபத்தைப் பூட்டினால், அந்தப் பிள்ளைகள் மறுபடி நம்பமாட்டார்கள். எட்டு வாரம் முடியாது என்றால் நான்கு வாரம் என்று சொல்லி நான்கையும் செய்யுங்கள்.

நிர்வாகத்தாரிடம் சாவி கேட்பதும் ஒரு கலைதான். கூட்டத்தில் எழுந்து கோரிக்கை வைப்பதைவிட, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் வாங்கும்போது தலைவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். என்ன கிழமை, எத்தனை மணி, எத்தனை பிள்ளை, யார் பொறுப்பு, யார் மண்டபத்தைக் கூட்டுவது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கூட்டுவது யார் என்ற வரியைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

அடுத்த சந்திப்புக்கு முன் இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், பத்து காவானில் முதன்முதலில் எங்கே உட்கார்ந்து என்ன படம் பார்த்தார் என்று கேளுங்கள். பாயா, பெஞ்சா, தரையா? பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? மழை வந்ததா? அவர் சொல்லும்போது அவர் கையை மட்டும் பத்து விநாடி, அசையாமல், கைப்பேசியைப் படுக்கவைத்து எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிறு பதினொரு மணிக்கு மண்டபத்தில் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்போம்.